சொல்லாமல் விட்ட வீடு

லண்டனில் இருக்கும் அண்ணா, அம்மாவையும் அப்பாவையும் உல்லாசக் கப்பலில் அனுப்பிவைத்தார். கப்பல் இத்தாலியின் பலெர்மோவில் நிற்கும் ஒரு பகலைத் திட்டமிடும் வேலை வெள்ளவத்தையில் இருந்த என் தலையில் விழுந்தது.

பலெர்மோவில்தான் மாமாவின் மகள் ராஜி மச்சாள் இருக்கிறார். "அவவுக்குச் சொல்லாதேங்கோ அம்மா. சாப்பிடாமல் விடமாட்டா, கப்பல் போயிடும்" என்றேன்.

நான் போட்ட திட்டம்: சந்தை, பிறகு கடற்கரை, திரும்பி வர பஸ். இங்கே வெள்ளவத்தையில், எங்கள் காலி வீதியில் ஒரு பஸ்ஸை விட்டால் பின்னால் இன்னொன்று வரும். எல்லா ஊரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

அன்று கடற்கரையிலிருந்து அம்மா அழைத்தார். "தம்பி, பஸ் ஸ்ட்ரைக்காம். டாக்சியும் இல்லை. அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது."

கப்பல் புறப்பட அதிக நேரம் இல்லை. வேறு வழியில்லாமல் மச்சாளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் மறைத்தாய் என்று கேட்பார் என நினைத்தேன்.

"ரெண்டு பேரும் எங்க நிக்கினம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதன்பிறகு ஒருவரும் போனை எடுக்கவில்லை. நான் இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தேன். கடைசியில் அம்மா ஒரு படம் அனுப்பினார். கப்பலின் மேல்தட்டில் அப்பா, மடியில் சாப்பாட்டுப் பார்சல்.

நன்றி சொல்ல மச்சாளை அழைத்தேன்.

"வீட்டில கிடந்த பாணும் சம்பலும்தான் குடுத்துவிட்டன். நேத்தே சொல்லியிருந்தால் இடியப்பம் அவிச்சிருப்பன்."

குரலில் கோபமே இல்லை. சாப்பிட வைத்து நேரத்தைப் போக்குவார் என்று பயந்தேன். அவரோ சாப்பாடும் கொடுத்து, நேரத்துக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார். "அடுத்த முறை முதல் நாளே சொல்லிப்போடுவன், மச்சாள்" என்றேன்.