யூஜினி அக்கா கேட்க விரும்பிய பந்து

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடியில் எனது வீட்டுக்கு நேர் எதிர்வீடு யூஜினி அக்காவினுடையது. கூடைப்பந்து நடக்கும் மாலைகளில் அந்தக் கதவைப் பூட்டமாட்டார்கள். தட்டாமலே உள்ளே போகலாம். அக்காவின் கணவர் கிறிஸ்துநாயகம் அண்ணை தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரை நுனியில் இருந்து ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். அக்கா சோபாவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். நீரிழிவு வந்து அவருடைய பார்வை முழுதாகப் போய்ப் பல வருடமாகிறது.

அண்ணை சொல்வதை முதல் தடவை கேட்டபோது எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

"குசினிப் பக்கம் கொண்டு போறான். ஃப்றிஜ் மூலையில ஒருத்தன் தனிய நிக்கிறான். குடுத்திட்டான். எறியுறான்... ஐயோ, விழேல்லை. இப்ப அவங்கள் பல்கனிக்கு ஓடுறாங்கள்."

பார்வை போனபிறகு அக்கா தடவித் தடவி மனப்பாடம் செய்த இடம் அந்தச் சின்ன வீடு ஒன்றுதான். அதனால் அண்ணை முழு ஆடுகளத்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். ஒரு வளையம் பல்கனியில், மற்றது குசினியில். சாப்பாட்டு மேசைதான் நடுக்கோடு. ஃப்றிஜ் மூலையிலிருந்து போட்டால் மூன்று புள்ளி. இத்தனைக்கும் அண்ணைக்கு இந்த விளையாட்டில் ஒரு துளி ஆசை கிடையாது. பைத்தியம் எல்லாம் அக்காவுக்குத்தான்.

அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். ஊர்காவற்றுறையில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அக்கா வலைப்பந்து அணியில் விளையாடியவர். வலைப்பந்தில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. ஓடினால் விசில்தான். ரொறன்ரோவுக்கு வந்து, விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, சாப்பாட்டு அறையில் இருந்த ரிவியில் முதன்முதலாகக் கூடைப்பந்தைப் பார்த்திருக்கிறார்.

"ஒருத்தன் தட்டிக்கொண்டே போறான், ஒருத்தரும் விசில் ஊதேல்லை," என்றார் அக்கா. "எனக்கெண்டா பொறாமையாக் கிடந்தது. அந்த டொக் டொக் எண்ட சத்தத்திலதான் நான் விழுந்தனான், பேர்ணடெற்."

பார்வை போனபிறகு அந்தச் சத்தம்தான் மிச்சம். வளையத்துக்குப் பக்கத்தில் ஒலிவாங்கி வைத்திருப்பார்களாம். வர்ணனையாளர்கள் கொஞ்சம் வாயை மூடும் நேரங்களில் பந்து தரையில் விழுவதும் சப்பாத்துகள் கிறீச்சிடுவதும் ரிவியில் கேட்கும். அண்ணையும் அந்த இடங்களில் பேச்சை நிறுத்திவிடுவார். அறுபது வயது நெருங்கும்போது அக்காவுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. ஒரு தடவை, ஒரேயொரு தடவை, அரங்குக்குப் போய் அந்தச் சத்தத்தை நேரே காதால் கேட்க வேண்டும். வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்டதில்லை. பிறந்தநாளுக்கு நானே மூன்று ரிக்கெட் எடுத்தேன்.

போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கூடைப்பந்து லீக்கை நடத்துகிறவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. ஒரு பருவத்துக்கு எண்பத்திரண்டு ஆட்டம். தை மாதத்துப் பனியில், நடுவாரத்தில், தோற்றுப்போன அணி இன்னொரு தோற்றுப்போன அணியோடு ஆடுவதை யார் வந்து பார்ப்பது? அதனால் சோடனை தொடங்கும். இன்றைக்கு வருகிறவர்களுக்குத் தலையாட்டும் பொம்மை, நாளைக்கு வேறு நிறத்தில் உடுப்பு, அடுத்த வாரம் இந்த இனத்தவரைக் கொண்டாடும் இரவு, அதற்கடுத்த வாரம் அந்த இனத்தவர் இரவு. ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் அலுத்துவிடக்கூடாதாம். அலுத்துவிட்டது என்று யார் சொன்னது? எங்கள் மாடியில் ஒரு கண் தெரியாத மனுசி எண்பத்திரண்டையும் விடாமல் கேட்கிறார். அவரிடம் வந்து யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஒரு புதன்கிழமை மாலை போனோம். எங்கள் இருக்கை கூரைக்குக் கிட்ட. இருந்த உடனேயே விளக்கை அணைத்துப் புகை விட்டு, நெருப்புக் கக்கி, ஒவ்வொரு ஆட்டக்காரனின் பெயரையும் தொண்டை கிழியக் கத்தி அழைத்தார்கள். சரி, வரவேற்புத்தானே, முடியட்டும் என்று பொறுத்திருந்தோம். ஆட்டம் தொடங்கியது. பாட்டு நிற்கவில்லை.

ஆட்டம் நடக்கும்போதே பாட்டு. பந்து எங்கள் பக்கம் வந்தால் ஒரு மேளம், அவர்கள் பக்கம் போனால் இன்னொரு மேளம். ஒரு நொடி நின்றால் சனத்தின் மேல் இலவச ரீசேட்டுகளைச் சுட்டு வீசும் துப்பாக்கி. பெரிய திரையில் 'சத்தம் போடுங்கள்' என்று எழுத்து வரும். சனமும் சொன்னபடி கேட்டுச் சத்தம் போடும். அண்ணை அக்காவின் காதுக்குள் வாயை வைத்து, "ஃப்றிஜ் மூலை, ஃப்றிஜ் மூலை!" என்று கத்திக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பெடியள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அக்கா கொஞ்ச நேரம் தலையைச் சரித்து வைத்துக்கொண்டு தேடினார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"பந்து எங்கை, பேர்ணடெற்? ரிவியில கேக்கிறதுகூட இஞ்சை கேக்கேல்லையே."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கீழே இறங்கி, பார்வையாளர்களுக்கு உதவும் மேசைக்குப் போய் விசயத்தைச் சொன்னேன். அங்கே இருந்த பிள்ளை நல்ல பிள்ளைதான். பொறுமையாகக் கேட்டது. கேட்டுவிட்டு ஒரு சின்னப் பையை நீட்டியது. உள்ளே சத்தத்தைத் தடுக்கும் ஹெட்ஃபோன். சத்தம் ஒத்துவராதவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதாம். பந்தைக் கேட்க வந்தவருக்கு இது எதற்கு என்று நான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அந்தப் பிள்ளையிடம் கொடுப்பதற்கு வேறு பை இருக்கவில்லை.

பையைக் கொண்டுபோய் அக்காவின் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தார்.

"கண்தான் போச்சு எண்டா, காதையும் பொத்தச் சொல்லுறாங்களோ?" என்றார். அவர் கோபப்பட்டு நான் கண்டது அன்றைக்குத்தான்.

அடுத்த இடைவெளியில்தான் அந்தக் கூத்து நடந்தது. கமரா சனத்துக்குள் சோடிகளைத் தேடிப் பிடித்து, பெரிய திரையில் இதயப் படத்துக்குள் காட்டும். காட்டப்பட்டவர்கள் முத்தம் கொடுக்க வேண்டும், சனம் கைதட்டும். தேடிக்கொண்டு வந்த கமரா எங்கள் வரிசையில் நின்றது. திரையில் கறுப்புக் கண்ணாடியோடு அக்காவும் மஃப்ளர் சுற்றிய அண்ணையும். அரங்கமே கைதட்டியது. அண்ணைக்கு எங்கே விளங்கப்போகிறது! அவர் கண்டதெல்லாம் எங்கள் ஊர்ச்சங்கங்களின் கௌரவிப்பு விழாக்கள். மேடையில் பெயர் சொன்னால் எழுந்து கும்பிடுவதுதானே வழக்கம். அண்ணையும் எழுந்து, மஃப்ளரைச் சரிசெய்து, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கைகூப்பினார். சனம் இன்னும் பலமாகக் கத்தியது.

இவ்வளவு சத்தம் ஏன் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எரிச்சலோடு விரலை வாயில் வைத்து, பள்ளிக்கூடத்துச் சிஸ்டரைப்போல 'உஷ்' என்றார்.

இருபதினாயிரம் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாயை மூடு என்று ஒருத்தி சொன்னதற்குக் கிடைத்த பதில் அந்த மாலையிலேயே பெரிய சத்தம். நாங்கள் பாதியில் எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்த நாள் அந்த வீடியோத் துண்டு எல்லோருடைய போனிலும் ஓடியது. அணியே தன் இணையப் பக்கத்தில் போட்டு, இப்படிப்பட்ட ரசிகர்களால்தான் எங்கள் பருவம் களைகட்டுகிறது என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாக இதயங்கள். அந்த மனுசி ஏன் விரலை வாயில் வைத்தார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

யாரையோ பிடித்து இலக்கம் வாங்கி, அந்த வாரமே தொலைபேசி எடுத்தார்கள். அணியின் நிகழ்ச்சிப் பிரிவில் வேலை செய்யும் சாம்பவி என்ற தமிழ்ப் பிள்ளை. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அன்ரி, எவ்ரிபடி லவ்ஸ் யூ," என்றது அந்தக் குரல். "நீங்கள் திரும்ப வரவேணும். கோர்ட்டுக்குப் பக்கத்தில சீற் தருவம். தேர்ட் குவாட்டரில எங்கட ஆள் ஃப்றீ த்ரோ எறியப் போகேக்க உங்களை ஸ்கிறீனில காட்டுவம். நீங்கள் அண்டைக்குச் செய்தமாதிரி ஜஸ்ட் விரலை வைச்சாப் போதும். நல்லாப் போச்செண்டா சீசன் முடியுமட்டும் வரலாம்."

அண்ணை வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினார். கையாட்டுவது அக்காவுக்குத் தெரியாது என்பதையும் மறந்துவிட்டார். பிறகு வாய்விட்டே சொன்னார். "எங்களை வைச்சுச் சிரிக்கப் பாக்கினம், யூஜினி. விடு."

அக்கா போனுக்குக் கிட்டக் குனிந்தார். "பிள்ளை, அங்கை இருந்தாப் பந்து தட்டுற சத்தம் கேக்குமோ?"

"கேக்கும் அன்ரி. அவ்வளவு கிட்ட."

"அப்ப வாறன்."

எனக்கு அக்காமேலும் கோபம் வந்தது. சொன்னேன். "உங்களை விளம்பரத்துக்குப் பிடிக்கிறாங்கள் அக்கா. நீங்களும் போய் இருக்கப் போறியளோ?"

"எனக்குப் பந்து கேக்கவேணும்," என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். பூசை முடிந்த கையோடு போனோம். சாம்பவி வாசலுக்கே வந்து அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இருத்தியது. கால் நீட்டினால் ஆடுகளம். ஆனால் ஒலிபெருக்கிகளும் அங்கேதான் இருந்தன. கதிரையே அதிர்ந்தது. ஆட்டம் தொடங்கியபிறகு சப்பாத்தின் கிறீச் ஒன்று இரண்டு அக்காவுக்குப் பிடிபட்டது. பந்துச் சத்தம் எழும்பும் முன்பே மேளம் அதை விழுங்கிவிட்டது. அக்கா முன்னால் சரிந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்து முயன்றுகொண்டே இருந்தார். சாம்பவி அதைப் பார்த்தது. "சொறி அன்ரி, நான் கேக்குமெண்டுதான் நினைச்சனான்," என்றது. அது பொய் சொல்லவில்லை. அது தினமும் மேலிடத்துக் கட்டளை கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிற பிள்ளை, அங்கே எது கேட்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இடைவேளையில் ஒத்திகை வைத்தார்கள். நிகழ்ச்சி நடத்துகிற பெடியன் ஒலிவாங்கியோடு வந்து குந்தியிருந்து ஒழுங்கைச் சொன்னான், சாம்பவி தமிழில் சொன்னது. எங்கள் ஆட்டக்காரன் ஃப்றீ த்ரோ என்கிற தனி எறிக்காகக் கோட்டில் வந்து நின்றதும் பாட்டை முழுதாக நிறுத்துவார்கள். அக்காவைத் திரையில் காட்டுவார்கள். அக்கா விரலை வைத்த அந்தக் கணமே ஒரு குரல் அரங்கம் முழுக்க ஒலிக்கும்: இந்த அமைதியை உங்களுக்கு வழங்குவது இன்ன மெத்தைக் கொம்பனி. அதோடு கொம்பனியின் தாலாட்டு மெட்டு.

"அமைதியையும் வித்துப்போட்டாங்களோ?" என்று அண்ணை கேட்டார். நான் எழுந்தே விட்டேன், வாருங்கள் அக்கா போவோம் என்று.

அக்கா அசையவில்லை. சாம்பவியிடம் ஒரு கேள்விதான் கேட்டார். "நான் விரல் வைச்சாப் பிறகுதான் அந்தக் குரல் வருமோ? அதுக்கு முன்னம் வராதோ?"

"உங்கட விரலைப் பாத்துத்தான் அன்ரி பட்டன் அமத்துவினம்."

"சரி," என்றார் அக்கா.

மூன்றாவது காற்பகுதியில் எங்கள் ஆட்டக்காரன் ஒருவனை எதிரணியினர் தள்ளி விழுத்தினார்கள். நடுவர் தனி எறி கொடுத்தார். அவன் கோட்டுக்கு வந்தான். பாட்டு அறுந்து நின்றது. பெரிய திரையில் அக்காவின் முகம். அன்றைய விரலைச் சனம் மறக்கவில்லை, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். பெடியன் அக்காவின் தோளில் மெல்லத் தட்டினான்.

அக்கா இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்துக் கோத்துக்கொண்டார்.

பெடியன் திரும்பவும் தட்டினான். சாம்பவி, "அன்ரி, இப்ப, இப்ப," என்று குசுகுசுத்தது. மெத்தைக்காரனின் குரல் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் காத்துக்கொண்டிருந்தது. சனம் காத்திருந்தது. அவ்வளவு பெரிய அரங்கில் ஒருவர் இருமுவதுகூடக் கேட்டது. கோட்டில் நின்றவனுக்கு இதெல்லாம் ஒன்றும் இல்லை. எறியும் முன் எல்லோரும் செய்வதுபோல, அவன் தன்பாட்டுக்குப் பந்தைத் தரையில் தட்டினான்.

டொக். டொக். டொக்.

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன், திரையில் அரங்கமும் பார்த்தது. அண்ணை சொல்வதற்கு வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். பந்து போனது. வலை உரசியது எனக்கே கேட்டது. அடுத்த நொடி யாரோ பொறுமை இழந்து பாட்டைத் திருப்பிப் போட்டார்கள்.

பெடியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். காதுக் கருவிக்குள் யாரோ திட்டுவதைக் கேட்டுக்கொண்டு நின்ற சாம்பவி, எங்களை வாசல்வரை கூட்டி வந்தது. பாவம், அழுகிற நிலை.

"ஏன் அன்ரி விரலை வைக்கேல்லை? ஒரு செக்கன் வேலைதானே. இனி உங்களைக் கூப்பிடமாட்டினம்."

அக்கா தடவி அதன் கையைப் பிடித்தார்.

"வைச்சிருந்தா மெத்தைக்காரன் கதைக்கத் துவங்கியிருப்பான், பிள்ளை," என்றார். "கோட்டில நிண்டவன் பந்து தட்டினது எனக்குக் கேட்டிருக்காது."