பனியைப் பார்க்காத கயல்விழியின் பயணக் குறிப்பு

கயல்விழி தன் வாழ்நாளில் பார்த்த மிகப் பெரிய பனிக்கட்டி, விருத்தாசலம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மீன் விற்கும் மாரியம்மாளின் தெர்மாகோல் பெட்டிக்குள் இருப்பதுதான். அப்படிப்பட்டவளுக்கு, பின்லாந்து நாட்டின் வடகோடிக்குப் போய்ப் பனி வண்டியில் ஏறப்போகும் பதினான்கு பேருக்கு என்ன உடுத்துவது, எப்படி உட்காருவது, எப்போது பாத்ரூம் போய்விட்டு வருவது என்றெல்லாம் எழுதிக் கொடுக்கும் வேலை வந்தது.

சென்னையில் உள்ள ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். பயணிகள் போனில் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் புறப்படும் முன் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். நான்கு வருடமாக இதுதான் வேலை. வீடு ஜங்ஷனுக்குப் பக்கத்தில் என்பதால் அவள் பேசும் ஒவ்வொரு அழைப்பிலும் ஏதாவது ஒரு ரயில் வந்து போகும். எந்த ஊருக்கும் அவள் போனதில்லை. ஆனால் போய் வந்தவர்களை விடமாட்டாள். காசிக்குக் குறிப்பு எழுதியபோது, படித்துறைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் தமிழ் தெரிந்த ஒருவரின் நம்பரைத் தேடிப் பிடித்து, ஆற்றுக்கு இறங்க எத்தனை படி, அதில் எத்தனை படி உயரம் அதிகம், கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதினாள். அந்தக் குறிப்பில் பிழை கண்டுபிடித்தவர் இன்றுவரை ஒருவரும் இல்லை.

பனி வண்டிக் குறிப்பை அவள் ஆரம்பித்திருந்த ஜனவரி முதல் வாரத்தில் ஒரு போன் வந்தது.

"ஏம்மா, கம்மாபுரத்திலேருந்து விருத்தாம்பாள் பேசுறேன். ரிட்டையர்டு டீச்சர். அந்தப் பனி வண்டிய நான் ஓட்டலாமா, இல்ல பின்னாடிதான் குந்தணுமா?"

"உங்க பேருக்கு நேரா பின்னாடின்னு எழுதியிருக்குது டீச்சர்."

"அது எம்மவன் எழுதினது. முப்பத்தோரு வருஷம் மொபெட்டுல ஸ்கூலுக்குப் போனவ நான். மழையில, சேத்துல, சுரங்கத்து லாரிங்களுக்கு நடுவுல. கார் லைசென்ஸும் இருக்குது. அவன் சொல்றான், அம்மா நீ பின்னாடி என்னப் புடிச்சிக்கிட்டு குந்துன்னு. அவன் இடுப்பப் புடிக்கறதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா நான்?"

மகன் பழமலைநாதன் சென்னையில் இன்ஜினியர். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். அவர்கள் இருவருக்கும் ஒரு வண்டி. அறுபது வயதுக்கு மேல் என்றால் பின்னால் உட்கார வைப்பதுதான் வழக்கம் என்று கயல்விழியின் மேனேஜரும் சொன்னார். யார் ஓட்டுவது என்ற பட்டியல் இருபதாம் தேதிக்குள் பின்லாந்துக்குப் போயாக வேண்டும். விருத்தாம்பாளுக்கு வயது அறுபத்து மூன்று.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கயல்விழி ஒருபோதும் கூச்சப்பட்டதில்லை. "கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றாள்.

அங்கே பனி வண்டிப் பயணத்தை நடத்திச் செல்லும் வழிகாட்டி ஐனோ என்ற பெண். இங்கே மதியம் இரண்டு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டால் அங்கே காலை பத்தரை. ஐனோவுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் இன்னும் விடியாத நீலம். இருவருக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை. அதனால் இருவரும் நிதானமாகப் பேசினார்கள், அதனால் எல்லாம் புரிந்தது.

கயல்விழி கேட்டதை எல்லாம் ஐனோ வண்டியருகே நின்று காட்டினாள். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குப் பலகைகள். பின்னால் டிராக்டர் பட்டை போல ஒரு ரப்பர் பெல்ட். ஆக்சிலேட்டரை முறுக்குவதில்லை, வலது கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்த வேண்டும். விரலை எடுத்தால் வேகம் தானாகக் குறையும். கைப்பிடிக்குள்ளேயே சூடு வரும். ஓட்டுபவரின் உடுப்பில் ஒரு கயிறு மாட்டியிருக்கும். அவர் கீழே விழுந்தால் கயிறு கழன்று வண்டி நின்றுவிடும். எல்லா வண்டியும் வழிகாட்டியின் தடத்திலேயே, ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டுப் போக வேண்டும். முன்னால் போகிறவர் கையைத் தூக்கினால் பின்னால் வருகிறவரும் தூக்க வேண்டும். அப்படியே கடைசி வண்டி வரை சேதி போய்ச் சேரும். இரண்டு மணி நேரம். பாதி வழியில் உறைந்த ஏரிக்கரையில் தீ மூட்டி, சூடாகப் பழச்சாறு. அதற்குப் பின் ஓட்டியவரும் பின்னால் இருந்தவரும் இடம் மாறிக்கொள்ளலாம்.

"அறுபத்து மூணு வயசுக்காரங்க ஓட்டலாமா?" என்று கயல்விழி கேட்டாள்.

லைசென்ஸ் நடப்பில் இருந்தால் போதும், வயதுக்கு மேல்வரம்பு இல்லை என்றாள் ஐனோ. ஆனால் புறப்படும் முன் ஒவ்வொருவரையும் ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்ப்பாளாம். யார் காலைக் கீழே வைக்கிறார்களோ அவர்களைப் பின்னால் மாற்றிவிடுவாளாம்.

"கால் வெச்சா என்ன?"

"வண்டி முந்நூறு கிலோ. சாயும்போது கால் அடியில் மாட்டினால் எலும்பு தாங்காது. வண்டி சாய்ந்தால் சாயட்டும், கால், மிதிக்கும் பலகை மேலேயே இருக்க வேண்டும்."

கயல்விழி அதை எழுதி அடிக்கோடு போட்டாள். பிறகு, தான் எழுதி முடித்து ஏற்கெனவே பதினான்கு பேருக்கும் அனுப்பியிருந்த உடுப்புப் பகுதியை வாசித்துக் காட்டினாள். மேலுக்குக் கனமான உடுப்பும் பூட்ஸும் ஹெல்மெட்டும் அங்கேயே தருவார்கள். உள்ளே போட்டுக்கொள்ள, சுத்தமான பருத்தி பனியன் இரண்டு.

ஐனோ கையைத் தூக்கி நிறுத்தினாள். பருத்தி கூடவே கூடாது, வேர்வையில் நனைந்தால் சில்லிடும்; கம்பளிதான் வேண்டும்.

அந்த வரி அண்ணன் தங்கதுரை சொன்னது. தங்கதுரை ஒன்பதாவது வரை படித்தவர். இருபத்திரண்டு வருடமாகச் செராமிக் யூனிட்டில் சூளை வேலை. சூளைக்காரர்கள் உடம்பை ஒட்டிப் பருத்தியைத் தவிர எதையும் போடமாட்டார்கள். நைலான் கலந்தது என்றால் ஒரு பொறி பட்டாலே உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெப்பத்துக்கு எது காப்போ அதுதான் குளிருக்கும் காப்பு என்று அவர் அடித்துச் சொன்னார், தங்கையும் எழுதிவிட்டாள்.

சாயந்திரம் வேலை முடிந்து வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அவங்க ஊருல பருத்தி வெளையாது, அதான் அப்படிச் சொல்றாங்க" என்றார்.

"சரிண்ணே, பாத்துடுவோம். வண்டிய எடு."

இருவரும் மாரியம்மாளின் மீன் பெட்டிக்குப் போனார்கள். கயல்விழி பருத்தித் துண்டு ஒன்றையும் கம்பளி மப்ளர் ஒன்றையும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். உள்ளே வேர்த்தால் இப்படித்தான் நனையும் என்றாள். அண்ணனின் வலது கையில் துண்டையும் இடது கையில் மப்ளரையும் சுற்றி, இரண்டையும் பனிக்கட்டிக்குள் விடச் சொன்னாள். மாரியம்மாள் வஞ்சிரத்தை ஒதுக்கி இடம் கொடுத்தாள்.

"என்னா தொர, மீனு வாங்க வந்தியா, மீனா ஆவ வந்தியா?"

தங்கதுரை இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். கொஞ்ச நேரத்தில் வலது கையை வெளியே எடுத்து உதறினார். இடது கை இன்னும் உள்ளேயே இருந்தது. அவர் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நனைஞ்சாலும் கம்பளி சில்லுன்னு ஒட்டல" என்றார். பிறகு, "போன் நம்பர் எல்லாம் குடு. தப்பு என்னுது, நானே சொல்றேன்" என்றார்.

கோடு போட்ட தாளில் பதினான்கு பேரையும் வரிசையாக எழுதி, பேசி முடித்த பெயருக்கு நேரே டிக் போட்டார். எல்லோரிடமும் ஒரே வாக்கியம்: பருத்தி வேணாங்க, கம்பளி பனியன் வாங்குங்க, சொன்னது சூளைக்காரன் தப்புங்க. ஆறாவதாக விருத்தாம்பாள். அவர் ஏற்கெனவே நான்கு பருத்தி பனியன் வாங்கிவிட்டிருந்தார். "பரவால்ல, சித்திரை வெயிலுக்கு ஆவும்" என்றவர், "நான் ஓட்டறது என்னாச்சுன்னு தங்கச்சியக் கேளு" என்றார்.

கயல்விழி போனை வாங்கி, வயது தடையில்லை, ஆனால் முதலில் ஒரு சுற்று ஓட்டச் சொல்வார்கள், அதில் கால் கீழே படக் கூடாது என்றாள்.

"இவ்ளோதானா? கால கீழ வெக்கக் கூடாது, அவ்ளோதான?"

"டீச்சர், மொபெட்டு ஓட்டும்போது நீங்க கால எப்ப வெப்பீங்க?"

"நிக்கும்போது வெப்பேன்."

"நிக்கும்போதா, நிக்கறதுக்கு முன்னாடியா?"

"யோசிச்சதில்லையேம்மா" என்றது குரல்.

கயல்விழி கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்று மொபெட்டுகளை எண்ணினாள். சிமெண்ட் மூட்டையோ பால் கேனோ ஏற்றிக்கொண்டு வந்த பத்தொன்பது வண்டிகளில் பதினெட்டு, நிற்பதற்கு வெகு முன்னாலேயே காலைத் தொங்கவிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வந்தன. பத்தொன்பதாவது ஆளுக்குக் காலில் மாவுக்கட்டு.

முப்பத்தோரு வருடப் பழக்கம். ஐனோ பார்ப்பதோ ஒரே ஒரு சுற்று.

அடுத்த ஞாயிறு, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, தங்கதுரை யூனிட்டின் பின்வாசலைத் திறந்து வைத்தார். அங்கே களிமண் மூட்டை ஏற்றித் தண்டவாளத்தில் தள்ளும் தாழ்வான வண்டி ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் ஒரு மூட்டையை நீளவாக்கில் போட்டு, முன்னால் பழைய சைக்கிள் ஹேண்டில்பாரைக் கட்டி, வலது பிடியில் துணி மாட்டும் கிளிப் ஒன்றை வைத்திருந்தார். கட்டைவிரலால் கிளிப்பை அழுத்தினால் அவர் தள்ளுவார். விட்டால் அவரும் விடுவார்.

விருத்தாம்பாள் சுடிதாரில் வந்திருந்தார். "சேல கட்டிக்கிட்டு பனி வண்டி ஓட்ட முடியாது பாரு, அதான் இப்பவே பழகிக்கறேன்" என்று மூட்டையின் இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். கிளிப்பை அழுத்தினார். வண்டி உருண்டது. விரலை விட்டார். வேகம் குறைந்ததுதான் தாமதம், இடது கால் தானாக இறங்கித் தரையில் கோடு போட்டது.

"கால் டீச்சர்" என்றாள் கயல்விழி.

"நான் வெக்கலம்மா. அதுவா எறங்குது."

இரண்டாம் முறையும் இறங்கியது. மூன்றாம் முறையும். ஐந்தாம் முறை செருப்பு கழன்று தண்டவாளத்துக்கு நடுவே விழுந்தது. தங்கதுரை மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளுவதை நிறுத்தினார். காலைக் கயிற்றால் கட்டிவிடலாமா என்றார். கயல்விழி வேண்டாம் என்றாள்; அங்கே கட்ட மாட்டார்களே.

அவள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். டீச்சரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் தள்ளினார். விட்டார். அவளுடைய காலும் இறங்கியது. மறுபடி தள்ளச் சொன்னாள். நான்காவது தடவையில் அவளுக்குப் பிடிபட்டது.

"டீச்சர், கால நெனைக்காதீங்க, நெனைச்சா எறங்குது. வேகம் கொறையறப்ப முட்டிய ரெண்டு பக்கமும் மூட்டையோட இறுக்குங்க. முட்டி இறுக்கி இருந்தா கால் எறங்க முடியல."

விருத்தாம்பாள் ஏறினார். கிளிப்பை அழுத்தினார், விட்டார். முழங்கால்கள் மூட்டையை நெரித்தன. வண்டி தேய்ந்து தேய்ந்து நின்றது. இரண்டு பாதமும் பலகை மேலேயே இருந்தன.

"இன்னொரு தரம் தள்ளுப்பா" என்றார் தங்கதுரையிடம்.

அன்று முப்பத்தாறு தடவை தள்ளியதாகத் தங்கதுரை கணக்கு வைத்திருக்கிறார். விருத்தாம்பாள் அடுத்த ஞாயிறும் வந்தார். இருபதாம் தேதி கயல்விழி பட்டியலில் விருத்தாம்பாள் பெயருக்கு நேரே 'ஓட்டுபவர்' என்று திருத்தி, காரணத்தையும் எழுதி மேனேஜருக்கு அனுப்பினாள். மேனேஜர், மகன் பழமலைநாதனைக் கேட்டார். பழமலைநாதன் கயல்விழியைக் கூப்பிட்டார்.

"அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?"

"ஒரு சுத்து ஓட்டச் சொல்லி அவங்க பாப்பாங்க சார். கால் எறங்கிச்சின்னா அவங்களே பின்னாடி மாத்திடுவாங்க. எறங்கலைன்னா நீங்க பின்னாடி."

"பின்னாடி குந்தறவங்க எதப் புடிச்சிக்கணும்?" என்று அவர் கேட்டார். இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு, அதிலும் சூடு வரும் என்று கயல்விழி சொன்னாள்.

பிப்ரவரியில் பதினான்கு பேரும் போனார்கள். பனி வண்டி நாளன்று கயல்விழி மதியத்திலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை. தங்கதுரை ஷிப்டு மாற்றிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். நாலே முக்காலுக்கு விருத்தாம்பாள் கூப்பிட்டார். அண்ணனுக்கும் கேட்கட்டும் என்று கயல்விழி ஸ்பீக்கரில் போட்டாள். அப்போது பார்த்து ஜங்ஷனில் ஒரு கூட்ஸ் வண்டி நுழைந்தது.

"ஏம்மா கயலு, உன் குறிப்புல ஒண்ணு விட்டுட்டியே."

"என்ன டீச்சர்?"

"மூச்ச இழுத்தா மூக்குக்குள்ள இருக்கற முடி எல்லாம் வெறச்சிப் போவுது. குச்சி குச்சியா குத்துது. ஏதோ பூச்சி பூந்துடுச்சின்னு நான் ஹெல்மெட்ட கழட்டப் பாத்தேன். இது எழுத வேணாமா?"

"எழுதிடறேன் டீச்சர். ஓட்டினீங்களா?"

"அந்தப் பழச்சாறு இருக்குதே, நம்ம நாவப்பழம் மாதிரி, நாக்கெல்லாம் ஊதா. வெந்நி மாதிரி சூடு. ரெண்டு டம்ளர் குடிச்சேன். கம்பளி பனியன் முதுகுல அரிக்குது, ஆனா குளிரு தெரியல. ஒங்கண்ணன்கிட்ட சொல்லு."

"டீச்சர், அந்த முதல் சுத்து."

"அதுவா." குரல் கொஞ்சம் தணிந்தது. "எனக்கு முன்னாடி மூணு பேரு. அதுல ரெண்டு பேர அந்தப் பொண்ணு பின்னாடி மாத்திடுச்சி. என் வண்டிகிட்ட வந்து, என் கால் பக்கத்துலயே குனிஞ்சி பாத்துக்கிட்டு நின்னுது. சுத்தி வந்து விரல விட்டேன். முட்டிய இறுக்கினேன் பாரு, சீட்டே கிழிஞ்சிருக்கும். 'போ'ன்னு கைய ஆட்டுச்சி."

தங்கதுரை எழுந்து போய் முற்றத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாதி வழிக்கு மேல சார் ஓட்டினாரா?" என்று கயல்விழி கேட்டாள்.

"மாத்திக்கலாம்னு நானே எறங்கினேன். வேணாம்மா, நீயே ஓட்டு, எனக்கு இங்கேருந்து பாக்கறதுக்கு நல்லாருக்குதுன்னுட்டான். வரும்போது ஏரிக்கு நடுவுல எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாங்க. இன்ஜின அமத்தினா, ஏம்மா, சத்தம்னு ஒண்ணு இல்லவே இல்ல. அத எப்படி எழுதுவன்னு எனக்குத் தெரியல. சரி, அங்க என்ன ரயிலு போவுது?"

"கூட்ஸு டீச்சர்."

"போவட்டும், கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார் விருத்தாம்பாள்.

போனை வைத்தபின் கயல்விழி குறிப்பைத் திறந்தாள். மூக்கைப் பற்றி ஒரு வரி சேர்த்தாள். மொபெட் ஓட்டிப் பழகியவர்களுக்கு என்று தனியாக ஒரு பத்தி எழுதி, முழங்காலை இறுக்குவதை விளக்கினாள். அதற்குக் கீழே, ஏரியில் இன்ஜினை நிறுத்தும்போது என்ன கேட்கும் என்று எழுத ஆரம்பித்து, நிறுத்திவிட்டு, மறுநாள் இரண்டு மணிக்கு ஐனோவிடம் கேட்க வேண்டியவற்றின் பட்டியலில் அதை முதலாவதாகக் குறித்துக்கொண்டாள்.