வரியில்லாக் கடலில் ஒரு மோதிரம்

ஹம்பேர்க்கை விட்டுக் கப்பல் புறப்பட்ட அன்று நான் முதலில் பார்க்கப் போனது கடலை அல்ல, கடையை. ஆறாம் தளத்தில் வாசனைத் திரவியமும் கைக்கடிகாரமும் நகையும் கண்ணாடிக்குப் பின்னால் மின்னிக்கொண்டிருந்தன. ஆனால் கதவு பூட்டியிருந்தது. இவ்வளவு பெரிய கப்பலில் ஒரு கடையைத் திறக்க ஆளில்லையா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

என் கணவர் துறைமுகத்தில் பொதி அனுப்பும் நிறுவனமொன்றில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறவர். சுங்கமும் வரியும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றி வருகிற கப்பல் என்றால், அதில் விற்கிற பொருளுக்கு விற்பனை வரி உண்டாம். எங்கள் கப்பல் ஒன்றியத்தில் சேராத நோர்வேக்குப் போய்த் திரும்புவதால் வரி இல்லையாம். ஆனால் ஜெர்மன் கடலைத் தாண்டும் வரைக்கும் கடையைத் திறக்க மாட்டார்களாம். கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல். அதற்கு அப்பால் அரசாங்கத்தின் கை எட்டாது என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எல்பே ஆறு முடிந்து, கரை மறைந்து, வெகுநேரம் போனபின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடை திறந்தது. சனம் உள்ளே போக, நான் ஜன்னலுக்கு ஓடினேன். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே சாம்பல் நிறத் தண்ணீர். ஒரு மிதவைகூட இல்லை. நீர்மேல் எழுத்து நிற்காது என்று படித்து வளர்ந்தவள் நான். இந்த மனிதர்களோ தண்ணீரில் எழுதி, அதை நிற்கவும் வைத்திருக்கிறார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது.

நாட்டை விட்டு வந்தபோது நான் கடந்த எல்லையிலும் கோடு எதுவும் தெரியவில்லை. காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தோம். இனி மெதுவாக நடக்கலாம் என்று எங்களைக் காசுக்குக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொன்ன பிறகுதான் கடந்துவிட்டோம் என்று விளங்கியது. அன்று பிடித்து அடைத்துவிடுவார்களோ என்று நடுங்கினேன். இன்று எல்லையைக் கடந்ததற்கு விலையைக் குறைத்துத் தருகிறார்கள். காலம் என்னதான் செய்யாது.

கணவர் அந்தக் கடையில் ஒரு மோதிரத்தைக் கண்டு வைத்துவிட்டார். என் கலியாண மோதிரம் அவர் முதலில் ஜெர்மனிக்கு வந்த பயணக் காசுக்காக விற்கப்பட்டது. புதிதாக வாங்கித் தருவேன் என்று அவர் சொல்வதும், முதலில் பிள்ளைகளின் படிப்பைப் பார்ப்போம் என்று நான் மறுப்பதுமாக முப்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது அவருக்கு அவசரம். திரும்பி வந்து அடுத்த திங்கட்கிழமை அவருக்கு இருதய ஒப்பரேஷன். நாள் குறித்து ஆஸ்பத்திரியிலிருந்து டெர்மின் வந்த நாளிலிருந்து நான் மறைவில் அழுதுகொண்டிருந்தேன். அவரோ வெறும் பல்லுப் பிடுங்கப் போகிறவர் போலக் கவலையில்லாமல் திரிந்தார். ஒப்பரேஷன் முடியட்டும், பிறகு வாங்கலாம் என்று பயணம் முழுவதும் பிடிவாதமாக நின்றேன்.

கடைசி நாள் மத்தியானச் சாப்பாட்டில்தான் மனம் இளகி ஓம் என்றேன். உடனே எழுந்தார். நான் சட்டையைப் பிடித்து இருத்தினேன். அன்று புதன்கிழமை. ஜெர்மனி நேரத்துக்கென்று கணித்துத் தமிழ்க் கடையில் தருகிற நாட்காட்டியைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். ஊரில் பன்னிரண்டுக்குத் தொடங்கும் புதன்கிழமை இராகு காலம், இங்கத்தைய நீண்ட கோடைப் பகலில் ஒன்றரையிலிருந்து மூன்று நாற்பது வரை. நடுக்கடலில் எந்த நாட்டு இராகு என்று நக்கலடித்தார். வேறு காரியம் என்றால் விட்டிருப்பேன். நெஞ்சைத் திறக்கப் போகிற மனிதர் வாங்குகிற தங்கம் இது. கடை மூன்று மணிக்குப் பூட்டிவிடும் என்றார். வியாபாரிகள் காசைக் கண்டால் திறப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மூன்று நாற்பத்தைந்துக்கு நான் மட்டும் கடைக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே அடுக்கிக்கொண்டிருந்த பெண் கண்ணாடிக்குக் கிட்ட வந்து, ஜெர்மன் கடலுக்குள் வந்துவிட்டோம், இனி விற்க முடியாது, இயந்திரமே பில் போடாது என்றாள். நான் கெஞ்சினேன். எங்கே அந்தக் கோடு என்று கேட்டேன். பாவம், அவள் ஜன்னலுக்கு வெளியே பின்பக்கமாகக் கையைக் காட்டினாள். அலை மேல் அலை போய்க்கொண்டிருந்தது. நானும் இராகு காலம் என்ற கண்ணுக்குத் தெரியாத கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான். அவர்களுடைய கோடு வென்றுவிட்டது. அவர் ஆசையாகக் கேட்ட ஒன்றையும் கெடுத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு படியேறினேன்.

மேல்தளத்தில் அவர் சாய்வுக் கதிரையில் இருந்தார். நேரத்தைக் கேட்டார். நாலு மணியாகப் போகிறது என்றேன். சட்டைப் பைக்குள்ளிருந்து சின்னப் பெட்டியை எடுத்தார்.

"ரெண்டு மணிக்கே வாங்கீட்டன். வாங்கினது நான், இராகு என்னோடை போகட்டும். போடுறது நீர். இப்ப நல்ல நேரம்தானே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒப்பரேஷன் எனக்கில்லை, உங்களுக்கு என்று சத்தம் போட்டேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் பத்திரிகையை இறக்கிவிட்டுப் பார்த்தார். கணவர் பெட்டியை மடியில் வைத்தார்.

"எனக்குப் பயமாக் கிடக்கப்பா. அதுதான் பொறுத்திருக்க ஏலாமல் போச்சு."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டறியாத சொல் அது. கையை நீட்டினேன். துப்புரவு வேலையில் வீங்கிப்போன என் விரலில் மோதிரம் இறங்கவில்லை. சின்ன விரலில் போட்டுவிட்டார். நாலு பேர் பார்க்க என் கையைத் தொடாத மனிதர், கப்பல் எல்பேக்குள் நுழைந்து, ஹம்பேர்க்கில் கட்டும் வரை அந்தக் கையை விடவில்லை.