காற்றுச் சுத்தியல்

என் வீட்டுக்காரர் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர். வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை நடந்த காலம். கொழும்புத் துறைமுகத்துக்கு ஆள் கேட்கிறார்கள் என்றதும், பண்டாரவளைவரை நடந்துபோய் ரயிலேறிவிட்டார். போர்க்கப்பலில் பிடித்திருக்கும் துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்க்கிற வேலை.

தீபாவளிக்கு வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "புது மிஷின் வந்திருக்குடி! காத்துச் சுத்தியல். குழாயில காத்து வந்து அதுவே தட்டும், நாம புடிச்சிக்கிட்டா போதும். கப்பல் வயித்துக்குள்ள எறங்கித் தட்ட என்னையத்தான் பொறுக்கி எடுத்திருக்காங்க!" எங்கள் வரிசை வீட்டு லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "பட்டணத்துக்குப் போனதும் தொண்டை பெருத்துப்போச்சோ?" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறு வருடம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரும்பு அறைக்குள் அந்த நாசமாய்ப்போன மிஷின் நாள் முழுக்க அடித்த அடியில் காது இரண்டும் போயிருந்தன. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். மிஷினுக்கு ஒரு குறையும் இல்லை. அதை வேறொருவன் கையில் கொடுத்திருப்பார்கள்.

தோட்டத்துக் கூலிப் பதிவில் பெயர் இல்லாத ஆம்பிளைக்கு அரிசியும் கிடையாது, மரியாதையும் கிடையாது. செவிடு என்று தெரிந்தால் பெயர் போய்விடும். அதனால் ஒரு தந்திரம் செய்தோம். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும்போது, பட்டியலில் இவருக்கு முந்தின பெயர்க்காரன் வாயசைத்து "ஐயா" என்றதும், அடுத்தது தன் பெயர் என்று கணக்குப் போட்டு இவரும் "ஐயா" என்றுவிடுவார். நான் பெண்கள் வரிசையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் அந்த ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். கணக்கப்பிள்ளை இவர் பெயரைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். இவர் மரம் மாதிரி நின்றார். புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் எங்களுக்கு ஏது? "இந்தாங்க! இந்தாங்க!" என்று கத்தினேன். காது கேட்காத மனுஷனைப் போய்! பெரட்டே சிரித்தது.

கணக்கப்பிள்ளை இவருக்குப் பின்னால் வந்து படாரென்று கையைத் தட்டினார். இவர் அசையவில்லை.

"ஏ புள்ள, பாறைக்கு வெடி வைக்கிற மலை இது. நாளைக்கு இவன் செத்துக் கெடந்தா யாரு பதில் சொல்றது? கூட்டிக்கிட்டுப் போ. இனிமே பேரு இல்ல."

கணக்கப்பிள்ளை சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கூடையைப் போட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பின்னால் நடந்தேன். லயத்துக்கு இறங்கும் பாதையில் யாருமில்லை. வந்த ஆத்திரத்தில், வாழ்நாளில் முதல் தடவையாக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உரக்கவே கூப்பிட்டேன். அவர் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார்.