மத்தியானம் நின்றுவிடும் வாட்ச்

என் கையெழுத்து சாய்ந்துதான் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றும் தடுமாறுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். வாட்ச் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பழவங்காடியில் நான் வேலை பார்க்கும் கடைக்கு, கோட்டைக்குள் அக்ரஹாரத்திலிருந்து ஒரு மாமி சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆட்டோமேட்டிக்குக்கு பேட்டரி கிடையாது. உள்ளே ரோட்டர் என்று அரைவட்டமாக ஒரு தகடு இருக்கும். கட்டிய கை அசைய அசைய அது சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கும். முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயில் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது.

"கட்டிண்டா மத்யானத்துக்குள்ள நின்னுடறதுப்பா. இது நின்னா எங்காத்துக்காரர் அன்னிக்கு முழுக்க யாரோடயும் பேசறதில்லே."

மறுபடி திறந்தேன். டைமிங் மெஷினில் குறை தெரியவில்லை. கை அசைவு போலவே வாட்சைச் சுழற்றும் வைண்டரில் மாட்டிவைத்தேன், நிற்காமல் ஓடியது. கொடுத்தனுப்பினேன். அதே கம்ப்ளெயிண்டோடு மாமி மறுபடி வந்து நின்றார்.

எங்கள் முதலாளி மலையாளி. தமிழ் பேசினாலும் மலையாளம் ஒட்டிக்கொண்டே வரும். "முருகா, மூணாம் தடவையாணு, கேட்டோ? நீ செய்யறது சர்வீஸா, வழிபாடா?" என்றார். கடமைக்குச் செய்வதைத்தான் மலையாளத்தில் வழிபாடு என்பார்கள்; கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "இனி கொச்சிக்கு கம்பெனிக்கு அனுப்பிடலாம்."

மாமி முகம் வாடிவிட்டது. "அனுப்பினா மாசக்கணக்கா ஆகுமே. அதுவரைக்கும் அவர் வெறுங்கையைப் பாத்துண்டு உக்காந்திருப்பாரே."

"சார் தினமும் கட்டுறாரா?" என்று மட்டும் கேட்டேன்.

"குளிக்கறச்சே மட்டுந்தான் கழட்டறது."

அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. யாரிடமும் வராது. "இன்னொரு தடவை பாத்துட்டு, சாயந்திரம் நானே வீட்டுக்குக் கொண்டு வாரேன் மாமி" என்றேன்.

சாயந்திரம் போனபோது சார் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். மாமி வாட்சை வாங்கி, மடியில் கிடந்த அவருடைய இடது கையை இரண்டு கையாலும் தூக்கி அதைக் கட்டினார். விட்டதும் கை மடியிலேயே விழுந்தது. பக்கவாதம். கடையில் நாலு பேர் நடுவில் மாமி அதைச் சொல்லவில்லை.

கம்ப்ளெயிண்ட் பிடிபட்டுவிட்டது. அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"சார், தினம் காலைல வலது கையால இந்தத் திருகைக் கொஞ்சம் சுத்துங்க. நிக்காது."

"ஆட்டோமேட்டிக்குக்கு எதுக்குப்பா சாவி?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்தார்.

"ஓஹோ. அப்போ ரிப்பேர் வாட்சுக்கில்லே, ஆளுக்குத்தான்" என்று சிரித்தார். மாமி சிரிக்கவில்லை.

"வேற வழி?"

"கை ஆடணும் சார். யாராவது பிடிச்சு ஆட்டிவிட்டாலும் போதும்."

சார் வலது கையால் அந்தத் திருகைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சாவி குடுத்து ஓட்டறதுக்கு இது என்ன சுவர்க் கடியாரமா? ஏண்டி, வந்து பிடி" என்றார்.

"தெரபிக்கு வர பொண்ணை வாசல்லயே திருப்பி அனுப்பற மனுஷன்!" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே மாமி அவர் கையைத் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டினார்.

"மெதுவாடி. தொட்டிலா ஆட்டறே?"

"தொட்டில்ல இருக்கறது இத்தனை பேசாது."

"சுத்தறதாப்பா?"

குனிந்து காதை வைத்தேன். தகடு சரசரவென்று ஓடியது. "சுத்துது சார்."

சில மாதம் கழித்து மாமி கடைப்படி ஏறினார். "முருகா, தா, மாமி பின்னேயும் வந்நாச்சு" என்றார் முதலாளி. கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு எழுந்தேன்.

"நிக்கலேப்பா. வார்தான் போயிடுத்து. ஆட்டி ஆட்டி வேர்த்து, தோல் ஊறிடுத்து பாரு. இப்பல்லாம் நான் தூக்கறச்சே அவரும் கொஞ்சம் தள்றார்."

வார் உள்பக்கம் உப்புப் பூத்துக் கறுத்திருந்தது. வேர்வை தாங்கும் ரப்பர் வார் ஒன்றைத் தேடி மாட்டிக் கொடுத்தேன்.

சர்வீஸ் செய்த வாட்ச் அதே குறையோடு திரும்பி வந்தால், மறுபடி திறக்கும் முன் அதைக் கட்டுகிறவரின் கையை ஒரு தடவை பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், என்னைப் போல வீடு வரை நடந்து போங்கள்.

ஆவணி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை.