சித்தப்பாவுக்கு இருபத்தாறு, அப்பாவுக்குப் பதினொன்று

மக்களே, போன மாதம் என் வயிறு எரிந்த கதையைச் சொல்கிறேன். மிளகாய் தின்று எரியவில்லை. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியால்!

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் அபிஷா பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். வகுப்போடு மருத்துவாமலை ஏறப் போகிறார்களாம். ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வரலாம். ஆனால் சும்மா வர முடியாது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பி.டி. மாஸ்டர் முன்னால், ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும். இருபது முறை எழுந்தால்தான் மலை. மூச்சும் நெஞ்சும் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த நாற்காலி காட்டிக்கொடுத்துவிடுமாம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். காட்டிக்கொடுத்தது! மூன்றாவது முறையே என் கை தானாக முழங்காலுக்குப் போனது.

"அப்பா, கைய எடுங்க! அது கணக்குல வராது!"

மொத்தம் பதினொன்று. அபிஷா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "செண்டை மேளம் மாதிரி அடிக்குப்பா" என்றாள்.

அந்த நேரம் பார்த்தா சுயம்பு வர வேண்டும்? என் மனைவியின் தங்கை கணவர். பூதப்பாண்டியில் உரக்கடை வைத்திருக்கிறார். என்னைவிட இரண்டே வயது இளையவர்.

"எண்ணு மக்கா" என்று உட்கார்ந்தார். இருபத்தாறு! அதுவும், எழுந்துகொண்டே ஊர்க்கதை வேறு பேசினார்.

"சித்தப்பா, நீங்க வாறியளா மலைக்கு?"

பெற்ற மகள்… என் முன்னாலேயே!

அடுக்களைக்குப் போய் மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்: "அவருக்கு இன்னும் ரெண்டு பழம்பொரி வை."

"எதுக்கு? மனுசன் குண்டாகட்டும்னா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். எண்ணெயில் பொரித்த அந்த வாழைப்பழத் துண்டு இரண்டையும் சுயம்பு சிரித்துக்கொண்டே தின்றார்.

"அப்பாதான் வருவேன். இன்னும் மூணு வாரம் கெடக்குல்லா?" என்றேன் மகளிடம்.

"அப்போ இருபது எடுங்க."

மறுநாளே சுயம்பு கடைக்கு வேவு பார்க்கப் போனேன். ரோஜாச் செடிக்கு உரம் வேண்டும் என்றேன். எங்கள் வீட்டில் ரோஜாச் செடியே கிடையாது!

ஒரு முதியவர் வந்தார். "வாங்க பாட்டா" — சுயம்பு எழுந்தார். ஒரு அம்மா வந்தார். "வாங்கக்கா" — மறுபடி எழுந்தார். மேலே தொங்கும் விதைப் பாக்கெட்டை எக்கி எடுத்தார். உட்கார்ந்தார். எழுந்தார். அரை மணி நேரத்தில் பதினெட்டு முறை! மனிதர் உடற்பயிற்சி எதுவும் செய்யவில்லை. மரியாதை செய்கிறார், அவ்வளவுதான்.

வடசேரியில் என் பாத்திரக் கடை எப்படி? வாளி, குடம் எல்லாம் கூரையில் தொங்கும். என்னிடம் ஒரு நீளக் கொக்கிக் கம்பு. உட்கார்ந்த இடத்திலிருந்தே எதையும் இழுத்து இறக்கிவிடுவேன். பதினெட்டு வருடமாக அதைத் திறமை என்று நினைத்திருந்தேன்…

கம்பைப் பரணில் போட்டேன். யார் வந்தாலும் எழுந்தேன்.

"எந்திரிச்சிட்டியளே அண்ணாச்சி, கடைய அடைக்கப் போறியளா?" என்று பயந்து கேட்டார் ஒரு பழைய வாடிக்கையாளர்.

மாலையில் அபிஷா எண்ணுவாள். ஒரு நிமிடம் எழுந்து உட்காருவேன், கொஞ்சம் ஓய்வு, பிறகு இன்னொரு நிமிடம். முதல் வாரம் தொடை கதறியது. அப்புறம் பதினைந்து… பதினெட்டு. மேளச் சத்தமும் சீக்கிரம் அடங்க ஆரம்பித்தது.

சோதனை நாள். பள்ளி மைதானம். இருபது! அபிஷா துள்ளிக் குதித்தாள்.

மாஸ்டர் விரலை உயர்த்தினார். "கடைசி தடவை கை முட்டுல பட்டுட்டு சார். பத்தொம்பதுதான்."

சுயம்புதான் மலைக்குப் போனார். உச்சியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள் சிரிக்கும் போட்டோவை அனுப்பினார். அவருக்குக் கொஞ்சமாவது மூச்சு வாங்குகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை!

அபிஷா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அடுத்த வருசமும் உண்டாம்ப்பா. உக்காருங்க, நா எண்ணுதேன்."

இப்போது இருபத்திரண்டு.

பொறாமைப்படாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத்தான் ஆசை. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் மக்களே, வீட்டுக்கு யார் வந்தாலும் எழுந்து நில்லுங்கள். வருகிறவருக்கும் நல்லது, உங்கள் நெஞ்சுக்கும் நல்லது.

அந்தக் கொக்கிக் கம்பா? சுயம்புவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டேன். "விதைப் பாக்கெட் எடுக்க எதுக்கு தம்பி சும்மா சும்மா எந்திரிக்கணும்?"