வாசலுக்கு மல்லியா, மந்தாரையா

எங்கள் வாசலோரம் சிமெண்ட் போட்டது போக ஒரே ஒரு செடிக்குத்தான் மண் மிச்சம். அதில் வைக்க ஏதாவது வாங்கலாம் என்று என் கொழுந்தன் மனைவியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு சாலவாக்கம் ரோட்டு நர்சரிக்குப் போனேன். கொழுந்தன் தவறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளைப் பிறந்த வீட்டுக்கே கூட்டிப் போக அவள் அண்ணன் அன்று மதியம் வருவதாக இருந்தது. போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை அவள். எனக்கு அவள் இருக்க வேண்டும். கேட்கத்தான் பயம்.

மந்தாரை என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். சின்ன மரம், பார்க்க அழகு, யாரும் தலையில் வைக்கிற பூ இல்லை. மல்லி என்றால் சாயங்காலம் மொட்டுப் பறிக்கணும், கட்டணும். நான் வைத்துக்கொள்ள அவள் பார்த்துக்கொண்டு நிற்கணும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

நர்சரிக்காரர் எங்கள் வீட்டு விவரம் தெரியாதவர். ஒரு குண்டுமல்லிச் செடியை அவள் கையில் கொடுத்து, "இத்த வெய்மா, ரெண்டு பேர் தலைக்கும் தாராளமா ஆவும்" என்றார்.

சட்டென்று செடியை வாங்கக் கை நீட்டினேன். அவள் விடவில்லை. மந்தாரை என்றால் நிழலும் வருமே என்று ஏதோ உளறினேன்.

"அத்த வெச்சா, இந்த வூட்ல ஒருத்தி தாலி அறுத்துட்டு கீறான்னு வாசல்லயே சொல்ற மாதிரிக்கா," என்றாள். குரல் உயரவில்லை. "நீ பூ வெச்சா எனுக்கு வயித்தெரிச்சல்னு யார் சொன்னா? இத்தினி மாசமா எனுக்காக வெறுந்தலையா திரியுற. அதப் பாத்துக்கினு நான் எப்டி அங்க இருப்பேன்?"

அவளுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் பூவை விட்டிருந்தேன். அவள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நர்சரிக்காரர் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டார், நல்ல மனுஷன்.

மல்லியோடு திரும்பினோம். அண்ணன் ஒரு காலிப் பையோடு வந்து உட்கார்ந்திருந்தார். செடியைப் பார்த்தார், என்னை முறைத்தார். துணியெல்லாம் எடுத்து வைத்தாயா என்று தங்கையைக் கேட்டார். அவள் கடப்பாரையை எடுத்துக் குழி தோண்ட ஆரம்பித்தாள்.

"வேர் புடிக்கிற வரைக்கும் தெனம் தண்ணி ஊத்தணும்ணா. நீ சாப்ட்டுட்டுக் கெளம்பு."

நான் சோறு போட உள்ளே போனேன்.